கோட்டைக்கு வடக்கே – 23: யார், எங்கே, எவ்வளவு, யாரோடு

சென்ற வாரம் 1815 மார்ச் 7 அன்று கையெழுத்தான உப்பு ஒப்பந்தத்தில் நிறுத்தியிருந்தோம். புதுச்சேரி, காரைக்கால் அளங்களில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மிஞ்சியதை ஆங்கிலேயரே வாங்கிக்கொள்வார்கள். அந்த உரிமைக்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைக்கும். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பிரெஞ்சு அரசு கேட்டால் ஆண்டுக்கு 300 பெட்டி வரை அபினை, கல்கத்தா ஏலத்தின் சராசரி விலைக்கு ஆங்கிலேயர் கொடுக்க வேண்டும். உப்பும் அபினும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழ் வந்தன. அன்றைய அரசுகளுக்கு இரண்டும் ஒன்றுதான்: அளந்து விற்கவேண்டிய சரக்கு, கஜானாவுக்கு வரவு. வெற்றிலையும் புகையிலையும் சாராயமும் புதுச்சேரியில் குத்தகைக்கு விடப்பட்ட கதையை ஆனந்தரங்கப் பிள்ளை காலத்து அத்தியாயங்களிலேயே பார்த்துவிட்டோம்.

அந்த அத்தியாயங்கள் வந்தபோது வாசகர்கள் சிலர் கஞ்சாவைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே பெர்ப்பிஞ்ஞானிலிருந்து எல்லையைத் தாண்டினால் ஸ்பெயினின் கத்தலோனியா. பார்சலோனா பக்கத்து ஊர்போல ஆகிவிட்டது. அங்கே கஞ்சாவுக்கென்றே உறுப்பினர் சங்கங்கள் நடக்கின்றன, சேருவதற்குப் படிவம் உண்டு, அட்டை உண்டு என்று விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். கேட்கிற தாத்தா பாட்டிகளுக்குத் திகைப்பு. நம் முத்தியால்பேட்டையில் கஞ்சா என்ற சொல்லுக்கு இப்போது வேறொரு கனம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் 18ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் கிடைத்த கதையில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு.

பியேர் சொன்னெரா 1748-இல் லியோன் நகரில் பிறந்தவர். செடிகொடிகளையும் பறவைகளையும் சேகரிப்பதற்காகவே கடல்கடந்தவர். 1774 முதல் 1781 வரை கீழ்த்திசை நாடுகளில் சுற்றினார். 1778-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்தவர்களில் அவரும் ஒருவர். 1782-இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் நம் பகுதிக் கோயில்கள், தொழில்கள், சாதிகள், மரங்கள் எல்லாம் படத்தோடு இருக்கின்றன. நம் மலைக்காடுகளின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. அவர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடிகளில் ஒன்று கஞ்சா. பாரிசில் தாவரவியலாளர் லமார்க் அதை ஐரோப்பியச் சணலோடு வைத்துப் பார்த்தார். தண்டு கெட்டியாக இருக்கிறது, இலை ஒடுங்கியிருக்கிறது, மணம் கடுமையாக இருக்கிறது, கயிறு திரிக்க நார் உதவாது. இது வேறு இனம் என்று முடிவுகட்டி 1785-இல் ‘கன்னாபிஸ் இன்டிகா’ என்று பெயர் வைத்தார். இந்தியர்கள் இதைப் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள், கவலையை மறக்கச் செய்து பெருங்களிப்பைத் தருகிறது என்பதையும் அந்தக் குறிப்பிலேயே சேர்த்திருக்கிறார். இன்று பார்சலோனாவின் சங்கங்களில் பலகையில் எழுதிப்போடும் ‘இன்டிகா’ என்ற சொல் சொன்னெராவின் செடிக்கட்டிலிருந்து வந்தது.

பெயர் வைத்த அதே பிரான்ஸ் அடுத்த 15 ஆண்டுகளில் இந்தச் செடிக்குத் தடையும் போட்டது. நெப்போலியன் படை எகிப்தில் இருந்தபோது சிப்பாய்கள் கஞ்சாவிலிருந்து செய்யும் ஹஷீஷுக்குப் பழகினார்கள். 1800 அக்டோபரில் தளபதி மெனு அதை விற்பதற்கும் புகைப்பதற்கும் குடிப்பதற்கும் தடை விதித்தார். நவீன அரசு ஒன்று இந்தச் செடிமேல் போட்ட முதல் தடைகளில் அது ஒன்று. பழக்கமோ கப்பலேறி பாரிசுக்குப் போனது. 1840களில் மொரோ என்ற மனநல மருத்துவர் எகிப்துப் பயணத்தில் தெரிந்துகொண்ட லேகியத்தை நண்பர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். செயின் நதித்தீவில் பிமோதான் மாளிகையின் கூடத்தில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடினார்கள். பிஸ்தா, சர்க்கரை, இலவங்கப்பட்டை, கொழுப்பு சேர்த்துக் கிண்டிய பச்சை லேகியத்தை மருத்துவரே கரண்டியால் தட்டில் வைப்பார். எழுத்தாளர் கோத்தியே அந்தக் கூடலைப் பற்றி 1846-இல் எழுதினார். போதலேர், பால்சாக் வந்துபோனார்கள். ‘ஹஷீஷ் சங்கம்’ என்று அதற்குப் பெயர். அது பணக்கார வீட்டின் மாடியில் நடந்த இலக்கியக் கூடல். அதில் சேர விதி எதுவும் கிடையாது. யாரைத் தெரியும் என்பதுதான் விதி. மொரோ அதிலிருந்து எடுத்த பயன் வேறு. பித்து எப்படிப் பிடிக்கிறது என்பதை உள்ளிருந்து பார்க்க இதுவொரு வழி என்று நம்பி 1845-இல் நூல் எழுதினார்.

அதே சமயத்தில் கல்கத்தாவில் ஓஷானசி என்ற மருத்துவர் 1839-இல் கஞ்சாச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டு, பிறகு லண்டனுக்கும் கொண்டுபோனார். நம்மூர் வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் கஞ்சா சேரும் லேகியங்களும் சூரணங்களும் உண்டு.

இனி, இந்தக் கட்டுரைக்கு நடுநாயகமான ஆவணத்துக்கு வருகிறேன். 1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவாளர் கெயின் ஒரு கேள்வி எழுப்பினார். கஞ்சாவால் இந்தியர்கள் பைத்தியமாகிறார்கள் என்கிறார்களே, அரசு அதை விற்று வரி வாங்கலாமா என்பது அதன் சாரம். அதன் பேரில் மாக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. அவர்களில் மூவர் இந்தியர். நாடு முழுவதும் சுற்றி 1,193 சாட்சிகளிடம் விசாரித்து, 1894-இல் பல தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார்கள். மருத்துவர்கள், தாசில்தார்கள், மிஷனரிகள், வைத்தியர்கள், கடைக் குத்தகைதாரர்கள் எனப் பலரும் பதில் எழுதினார்கள். எழுபது கேள்விகள். எந்தச் செடி, எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார், எப்படிப் புகைக்கிறார்கள், எவ்வளவு, எந்த வயதில் தொடங்குகிறார்கள், குழந்தைகள் உட்கொள்வதுண்டா, தனியாகவா, கூட்டமாகவா?

அந்தக் கடைசிக் கேள்வியை யோசித்துக் கேட்ட மனிதர் யாரோ, அவரை நான் மதிக்கிறேன். ஒருவர் தன்னந்தனியாக மூலையில் உட்கார்ந்து புகைப்பதும், மடத்துத் திண்ணையில் நாலு பேரோடு சிலும்பி கைமாறுவதும் ஒன்றல்ல. கூட்டத்தில் அளவைப் பார்க்க இன்னொரு கண் இருக்கிறது. வேண்டாம் என்று கையைப் பிடிக்க ஒரு பெரியவர் இருக்கக்கூடும்.

பைத்தியக்கார விடுதிகள் பற்றிய பகுதி இந்த அறிக்கையின் உச்சம். 1892-ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்களில் 222 பேருக்குக் கஞ்சாதான் காரணம் என்று பதிவேடு சொன்னது. குழு ஒவ்வொரு வழக்கையும் ஊருக்கே திரும்ப அனுப்பி விசாரித்தது. உண்மையில் கஞ்சாவோடு தொடர்புபடுத்தக்கூடியவை 98 மட்டுமே என்று தெரிந்தது. மற்றவை எப்படி வந்தன? தெருவில் ஒருவரைப் பிடித்துவரும் போலீஸ்காரர், படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதற்காக வாய்க்கு வந்ததை எழுதினார். விடுதி அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றியது. மேலிடம் அதைப் புள்ளிவிவரமாக்கியது. இப்படித்தான் ஒரு நம்பிக்கை அரசு உண்மையாக மாறியது. அதை உடைக்க இவர்கள் செய்ததெல்லாம் திரும்பப் போய்க் கேட்டதுதான்.

முடிவு என்ன? மிதமான உபயோகத்தால் பெரிய தீங்கில்லை. மிதமிஞ்சினால் உடலும் மனமும் கெடும். முழுத் தடை போட்டால் பழக்கம் ஒழியாது, அதைவிடக் கேடான போதைகளுக்கு ஆட்கள் தாவுவார்கள். ஆகவே விளைச்சலை ஓரிரு இடங்களுக்குள் அடக்குங்கள், உரிமம் உள்ள கடையில் மட்டும் விற்கவிடுங்கள், ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு போடுங்கள், வரியைக் கூட்டுங்கள் என்றார்கள். சென்னை மாகாணத்தில் விளைச்சலுக்குப் பேர்போனவை இரண்டு இடங்கள்: வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலை, வடக்கே பாபட்லா பக்கத்துத் தக்குபாடு. மாகாணத்தின் 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின்கீழ் உரிமக் கடைகள் நடந்தன. புகைத்தவர்களில் பைராகிகளும் பக்கீர்களும் மடத்துச் சாமியார்களும் முன்னணியில் இருந்தார்கள்.

முத்தியால்பேட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டக்குப்பம். அன்று அது அந்தச் சென்னை மாகாணத்தில் அடங்கிய பிரிட்டிஷ் சீமை. இந்தப் பக்கம் பிரெஞ்சு சர்க்கார், அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரைத்தனம். நடுவில் வயலும் தோப்பும் கலந்துகிடந்த எல்லை. ஒரு கரையில் குற்றமாக இருப்பது மறுகரையில் வியாபாரம் என்பதை இந்த ஊர் நெசவாளர்களும் மீனவர்களும் பாடம் படிக்காமலே அறிந்திருந்தார்கள். மதுவைப் பொறுத்தவரை இன்றும் அந்த வித்தியாசம் தொடர்கிறது.

இந்த ஊர்த் தோப்பு ஒன்றையும் இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்தார். 1918 நவம்பரில் வெளியேறினார். அந்தப் பத்தாண்டில் அவர் மனம்விட்டுத் திரிந்த இடம் முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பு. நாம் குயில் தோப்பு என்று அழைப்பது. குள்ளச்சாமி போன்ற சாமியார்களின் நட்பும் அவருக்கு இந்த ஊரில்தான் வாய்த்தது. அவருக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்ததை அவரோடு பழகியவர்கள் சிலர் எழுதிவைத்திருக்கிறார்கள்; வ.உ.சி. தம் நினைவுக் குறிப்பில் மனம் நொந்து குறிப்பிட்டிருக்கிறார். இதைச் சொன்னால் கோபிப்பவர்கள் உண்டு. மறைப்பதுதான் மரியாதை என்று நினைப்பவர்களும் உண்டு. என் கருத்து இது: கவிதை கஞ்சாவால் வந்தது என்று சொல்வது, வறுமையிலும் தலைமறைவிலும் அந்த மனிதர் போட்ட உழைப்புக்கு இழைக்கும் அநீதி. பழக்கமே இல்லை என்று சாதிப்பது, அவர் உடம்பு அவ்வளவு சீக்கிரம் தளர்ந்ததைக் கண்டு வருந்திய நண்பர்களைப் பொய்யர்களாக்குவது. 1921 செப்டம்பரில் அவர் போனபோது வயது 39 கூட நிறையவில்லை.

பிறகு வந்த சட்டங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1925-இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து வற்புறுத்தியதால் கஞ்சா முதன்முறையாக உலக உடன்படிக்கை ஒன்றுக்குள் வந்தது. 1930-இல் இந்தியாவில் அபாயகரப் போதைப்பொருள் சட்டம். 1937-இல் ராஜாஜி கொண்டுவந்த சென்னை மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு கஞ்சாவையும் சேர்த்தே தடுத்தது. 1961-இல் ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கை, மருத்துவம் தவிர்த்த கஞ்சா உபயோகத்தை 25 ஆண்டுக்குள் ஒழிக்கச் சொன்னது. அந்தக் கெடு முடியும் தறுவாயில், 1985 நவம்பர் 14 அன்று, நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலானது. புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜவ்வாது மலைக்கும் குயில் தோப்புக்கும் பாபட்லாவுக்கும் இப்போது ஒரே சட்டம். பூவும் காயும் கஞ்சா. தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்தச் சட்டத்தின்படி கஞ்சா ஆகாது. 1 கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. அந்த எழுபது கேள்விகளை யாரும் மறுபடி கேட்கவில்லை. பிடிபட்ட எடை ஒன்றே கேள்வி ஆயிற்று.

இங்கே 1985-இல் கதவு சாத்தப்பட்டபோது ஸ்பெயினில் நடந்தது வேறு. அங்கே 1974-லேயே உச்ச நீதிமன்றம், ஒருவர் தனக்கென்று வைத்திருந்து உபயோகிப்பது குற்றமாகாது என்று சொல்லியிருந்தது. விற்பதும் விற்பனைக்குப் பயிரிடுவதும்தான் குற்றம். பிறகு ஹெராயின் அந்த நாட்டை வாட்டிய ஆண்டுகளில் நீதிபதிகள் முன் ஒரு சிக்கல் வந்தது. பழக்கமுள்ள நாலு பேர் காசு போட்டு, அவர்களில் ஒருவர் போய் வாங்கிவந்தார் என்றால் அந்த ஒருவர் வியாபாரியா? இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் நிபந்தனைகள் விதித்தது: எல்லாரும் ஏற்கெனவே பழக்கமுள்ளவர்கள், ஒருவரையொருவர் அறிந்த சிறு குழு, மூடிய இடம், உடனே தீரக்கூடிய சிறிய அளவு, யாருக்கும் லாபமில்லை. ‘பகிர்ந்த உபயோகம்’ என்ற இந்தக் கோட்பாட்டின் மேல்தான் பின்னால் வந்த சங்கங்கள் அத்தனையும் நிற்கின்றன. நாடாளுமன்றம் எழுதிக்கொடுத்த சட்டம் எதுவும் அவற்றுக்கு அடியில் இல்லை. அங்கே கஞ்சா சட்டபூர்வம் என்று நம்பிப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்கு இது தெரிவதில்லை.

1991-இல் பார்சலோனாவில் ரமோன் சாந்தோஸ் பெயரில் கஞ்சா ஆய்வுக்கென்று ஒரு சங்கம் பதிவானது; சுருக்கமாக ஆர்செக். 1993-இல் அவர்கள் செய்த காரியம் அசாதாரணமானது. கத்தலோனியாவின் போதைத் தடுப்பு அரசு வழக்கறிஞருக்கே கடிதம் போட்டார்கள்: வயதுவந்தவர்கள் கூடி, தங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் பயிரிட்டால் குற்றமா? கொள்கையளவில் குற்றமில்லை என்று பதில் வந்தது. உடனே சுமார் நூறு உறுப்பினர்களுக்காக இருநூறு செடி நட்டார்கள். ஒளிவுமறைவு இல்லை, பத்திரிகைகளுக்கும் தெரியும். காவல்துறை வந்து செடிகளைப் பிடுங்கியது. மாகாண நீதிமன்றம் விடுவித்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் தண்டித்தது. அதே ஆண்டு பில்பாவோவில் கலமூதியா என்ற சங்கம் அறுநூறு செடி நட்டு, அறுவடையும் செய்தது. அந்த வழக்கு நிற்கவில்லை. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு முடிவுகள். பிறகு அந்தலூசிய அரசு முன்யோஸ், சோத்தோ என்ற இரு சட்ட அறிஞர்களிடம் ஆய்வு கேட்டது. மூடிய இடம், பழக்கமுள்ள உறுப்பினர், வரம்புள்ள அளவு, லாபமின்மை இவை இருந்தால் இப்படியொரு இடம் சட்டத்துக்குள் நிற்க முடியும் என்று 2001-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டியது. அதன்பின் சங்கங்கள் பெருகின.

சேருவது எப்படி? தெருவிலிருந்து நேரே உள்ளே போக முடியாது. வாசலில் பெயர்ப்பலகைகூடப் பெரும்பாலும் இருக்காது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 21 கேட்கும் சங்கங்களும் உண்டு. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். தனக்கு ஏற்கெனவே இந்தப் பழக்கம் உண்டு, அல்லது மருத்துவக் காரணத்துக்காகத் தேவைப்படுகிறது என்று விண்ணப்பிப்பவர் எழுதித் தர வேண்டும். புதிதாகப் பழக வருகிறேன் என்பவருக்கு இடமில்லை. மாதத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதையும் எழுத வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டினால் அட்டை. எல்லா உறுப்பினர்களும் எழுதிக்கொடுத்த அளவைக் கூட்டித்தான் எத்தனை செடி நடலாம் என்று கணக்கிடுகிறார்கள். உறுப்பினர் கொடுக்கும் பணம், விளைவிக்கும் செலவில் அவர் பங்கு, விலை அல்ல. சங்கம் அந்நாட்டின் சங்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. தலைவர், செயலர், பொருளாளர், பொதுக்குழு எல்லாம் உண்டு. நம்மூர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். பெற்றதை உள்ளேயே உபயோகிக்க வேண்டும். வெளியே தெருவில் கையில் இருந்தால் 2015-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி குறைந்தது 601 யூரோ அபராதம்.

இதெல்லாம் தாளில் இருக்கும் அழகு. நடைமுறை அத்தனை சுத்தமில்லை. பார்சலோனாவில் ராம்பிளா வீதியில் பயணிகளை மடக்கிச் சங்கத்துக்குக் கூட்டிப்போகும் தரகர்கள் முளைத்தார்கள். வந்த அன்றே அட்டை, கேள்வி கிடையாது. ஆயிரக்கணக்கில் உறுப்பினர் சேர்த்த இடங்களில் ‘ஒருவரையொருவர் அறிந்த சிறு குழு’ என்பதற்குப் பொருள் எங்கே? 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பில்பாவோவின் எபெர்ஸ் சங்க வழக்கில் கோடு கிழித்தது. 290 உறுப்பினர், புதியவர்களுக்குத் திறந்த கதவு, நிலையான அமைப்பு, விளைச்சல், வினியோகம் என்றால் அது பகிர்ந்த உபயோகமல்ல, குற்றம் என்றது. நவார்ரா மாகாணம் 2014-இல் போட்ட சட்டத்தையும் கத்தலோனியா 2017-இல் போட்ட சட்டத்தையும் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றவியல் சட்டம் மத்திய அரசின் அதிகாரம் என்பது காரணம். பார்சலோனா நகராட்சியின் விதிகளும் 2021-இல் விழுந்தன. இன்றும் கதவுகள் திறந்தே இருக்கின்றன, ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு உறுதி எதுவும் இல்லை. மால்டா 2021-லும் ஜெர்மனி 2024-லும் ஸ்பெயின் செய்யாததைச் செய்தன. சங்கங்களுக்கென்றே சட்டம் எழுதி, உறுப்பினர் 500 பேருக்கு மேல் கூடாது என்று வைத்தன. ஜெர்மனியில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மாதம் 30 கிராம்தான், வீரியத்துக்கும் வரம்பு. உருகுவே 2013-லேயே 15 முதல் 45 பேர் வரை என்று சிறிதாக வைத்தது. அந்த அளவே எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் 45 பேரை ஒருவர் முகம் பார்த்து அறிந்திருக்க முடியும்.

இப்போது நம் ஊர். 2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டதை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. குழந்தையை இழந்த அந்த வாரத்தில் ஊர் திரண்டு தெருவில் நின்றபோது நீதி கேட்ட குரலோடு கஞ்சாவை ஒழி என்ற குரலும் எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் வரும் சரக்கு பொட்டலமாகிப் பள்ளிக்கூடப் பையன்கள் கைக்கு எட்டுகிறது என்பதைப் பெற்றோர் கண்ணால் பார்க்கிறார்கள். பொட்டலம் விற்பவன் வயது கேட்பதில்லை, எவ்வளவு என்று கேட்பதில்லை, உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்பதில்லை. சின்ன வயதில் தொடங்கி அடிக்கடி புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. 1894-ஆம் ஆண்டு அறிக்கை எழுதியவர்கள் பார்த்த செடியைவிட இன்று சந்தையில் இருப்பது வீரியமானதும்கூட.

அதனால் முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சங்கம் திறக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுமையைச் செய்தவன் மனிதன். செடிமேல் பழியைப் போட்டு அவன் குற்றத்தைக் குறைக்கவும் மாட்டேன். நான் கேட்பது அந்த எழுபது கேள்விகளை. புதுச்சேரியில் எந்த வயதில் தொடங்குகிறார்கள், எங்கே, யாரோடு, எவ்வளவு, எதற்காக? பிடிபட்ட எடையைச் செய்திக்குறிப்பில் போடுவது இதற்குப் பதிலாகாது. 1893-இல் அந்நிய அரசு ஒன்று ஊர் ஊராகத் திரும்பப் போய்க் கேட்டது. நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு தகவல். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டிக்கொண்டால், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்று முடிக்கும் பட்சத்தில் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். நம் கோரிமேட்டு ஜிப்மரில் மனநலத் துறை இதற்கான சிகிச்சை தருகிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணிலும் பேசலாம். பையனை அடித்து வீட்டுக்குள் பூட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பார்சலோனாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. நம் ஊரில் ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் தம்பிக்கு இந்தியக் குடியுரிமையும் இருப்பது சாதாரணம். இருவரும் சேர்ந்து பார்சலோனா போய் ஒரே சங்கத்தில் ஒரே நாளில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும். ஆகவே தம்பி ஸ்பெயினில் உட்கார்ந்திருந்தாலும் இந்தியச் சட்டத்தின் கைக்குள்தான் இருக்கிறார். அண்ணனை அந்தச் சட்டம் அங்கே தொடாது. ஆனால் அவர் எல்லை தாண்டிப் பெர்ப்பிஞ்ஞானுக்குத் திரும்பி, அங்கே பையில் கொஞ்சம் இருந்து மாட்டினால் பிரான்சின் 1970 டிசம்பர் சட்டம் காத்திருக்கிறது. உபயோகத்துக்கு ஓராண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது, 2020 முதல் 200 யூரோ உடனடி அபராதத்தோடும் முடிக்கிறார்கள்.

அண்ணனும் தம்பியும் இப்படி இரண்டு நாட்டுக்காரர்களான கதை 1962 ஆகஸ்ட் 16-இல் தொடங்குகிறது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்று எழுதித் தரச் சொன்னார்கள். முத்தியால்பேட்டைக் குடும்பங்கள் அந்த ஆறு மாதத்தில் என்ன பேசின, யார் எழுதினார், யார் எழுதாமல் விட்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.